டோலிவர் சொன்னது

மார்ச் 3, திங்கள்

தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் டைரி எழுதினால் கட்டுரை தானாக வரும் என்று பியூலா மிஸ் சொன்னார். உட்கார்ந்தேன். காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், கல்லூரிக்குப் போனேன் என்று மூன்று வாக்கியம் வந்தது. அதற்குமேல் என் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் எதுவும் நடக்கவில்லை. தமிழிலேயே எழுதிவிட்டுப் போகிறேன்.

முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டுமாம். இசக்கியம்மாள், பி.ஏ. ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு, பாளையங்கோட்டை. அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, கரண்டி, பந்தி நாற்காலி எல்லாம் கிடைக்கும்.

நாடகத் தாளில் எனக்கு அரியர். அது வந்த கதையை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் பாடத்தில் 'கடலோரத்து வீடு' என்று ஒரு நாடகம். அதில் கடலின் பங்கு பற்றிய கட்டுரையைக் கைடிலிருந்து நெட்டுரு போட்டு வைத்திருந்தேன். பரீட்சையில் மேபல் என்ற பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். நெட்டுரு போட்டதை வீணாக்க மனம் வராமல் பக்கம் பக்கமாகக் கடலை எழுதினேன். "இசக்கி, கேட்டது பொண்ணப் பத்தி, நீ எழுதினது தண்ணியப் பத்தி" என்று மிஸ் வகுப்பில் வைத்தே சொன்னார்.

இனிமேல் எழுதும் முன் திட்டம் போட வேண்டும். முன்னுரை, மூன்று கருத்து, எதிர்க்கருத்து ஒன்று, முடிவுரை. ஏப்ரல் 23 பரீட்சை. இதில் தேறாவிட்டால் டிகிரி கிடையாது.

மார்ச் 5, புதன்

மேபல் பற்றிய திட்டம்.

முன்னுரை: மேபல், கேப்டன் ஹாரோவின் மகள். கேப்டன் அவளைக் கிளெக் என்ற வயதான வியாபாரிக்குக் கட்டிக்கொடுக்க முடிவு செய்கிறார். நாடகம் முழுக்க அவள் சொல்வது ஒரே ஒரு வசனம்தான்: "உங்கள் விருப்பம், அப்பா." கல்யாணத்தன்று காலையில் அவள் சால்வை மட்டும் நாற்காலியில் கிடக்கிறது. ஆளைக் காணோம். திரை.

கருத்து ஒன்று: கைடில் உள்ளபடி, மேபல் கீழ்ப்படிதலின் வடிவம்.

கீழ்ப்படிந்தவள் எங்கே போனாள்? கைடில் அது இல்லை. கடலில் விழுந்தாளா, சர்ச்சுக்குத்தான் முன்னாடியே போய்விட்டாளா, ரயில் ஏறினாளா? எழுதியவருக்கே தெரியாதோ என்னவோ. எனக்குத் தலை சுற்றுகிறது.

முடிவுரை: (பிறகு.)

மார்ச் 9, ஞாயிறு

இன்று படிக்க முடியவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். பாத்திரம் பேச வந்தவர்கள் என்று நினைத்து, "எத்தன பேருக்குச் சமையல்?" என்று நானே முன்னால் போய்க் கேட்டுவிட்டேன். ஒரு பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி கூறுகெட்டவளே, அவிய ஒன்னையத்தான் பாக்க வந்திருக்காவ. போயி அந்தப் பச்சச் சேலையக் கட்டு."

கேசரி கொடுத்தேன். காபி கொடுத்தேன். என்ன படிப்பு என்று அப்பாவிடம் கேட்டார்கள். சமைப்பாளா என்று அம்மாவிடம் கேட்டார்கள். நீலச் சட்டைக்காரர் ஒருவர் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவர்தான் என்று அவர்கள் போன பிறகு தெரிந்தது. நான் மூன்றாம் அங்கத்தில் கிளெக் கொண்டுவரும் பரிசுப் பெட்டியில் என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

வாசலில் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புள்ளைக்குப் புடிச்சிருக்கு போலுக்கு. ஒண்ணுஞ் சொல்லலியே."

மார்ச் 10, திங்கள்

கேசரி மீதி இருந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 12, புதன்

இந்த செமஸ்டர் எல்லாருக்கும் அதே நாடகம், அரியருக்கும் அதே தாள். எங்கள் வகுப்பில் கட்டுரைகளைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கேள்வி. திட்டம் போட்டு, மேற்கோள் சேர்த்து எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். அரியர்காரி என்பதால் என் தலையில் மேபல் விழுந்தாள்.

மேபல் பற்றி விமர்சகர் யாரும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. நூலகத்தில் தேடினேன். செல்போனில் தேடினேன். ஜெபக்கனியிடம் புலம்பினேன். அவள் என் பக்கத்து இடத்துக்காரி, நாசரேத்துப் பக்கம். எதற்கும் பதறாதவள்.

"மேற்கோள் இல்லாத கட்டுர தாளிக்காத குழம்பு மாதிரி மக்கா. கிடைக்கலன்னா நாமளே செய்யணும்."

"அது தப்புல்லா?"

"தப்புதான். போன வருசம் நான் எழுதுன மேற்கோள் எல்லாம் எங்க சித்தப்பா சொன்னது. ஃபர்ஸ்ட் கிளாஸ். பேரு மட்டும் வெள்ளக்காரன் பேரா இருக்கணும். முன்னாடி ரெண்டு இனிஷியல்."

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கம்பி வழியாகப் பார்த்தால் முதல் கல்லில் ஆர். எச். டோலிவர் என்று தெரியும். பாலம் கட்ட வந்து காலராவில் செத்துப் போனவராம். பாவம், செத்த பிறகு விமர்சகர் ஆக்கிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். டோலிவர் என்ன சொல்லியிருப்பார்? ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில் எழுதினேன், ஒரு பிழைகூட இல்லை, எனக்கே ஆச்சரியம். தமிழில் சொன்னால் இதுதான்: "மேபல் சம்மதிக்கவில்லை. தன்னிடம் யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறாள்."

எழுதி முடித்ததும் கை வேர்த்துவிட்டது. வெயில்தான்.

மார்ச் 21, வெள்ளி

டோலிவர் பரவிவிட்டார். என் திட்டத்தை ஜெபக்கனி எடுத்தாள், அவளிடமிருந்து ஹாஸ்டல் பிள்ளைகள் எடுத்தார்கள், இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி என்னிடமே வந்து "அக்கா, டோலிவர் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறார், பஸ் ஸ்டாப்பில் என்று சொல்ல வாய் வந்தது.

வீட்டில் மூன்று கல்யாணத்துப் பாத்திரம் வந்து குவிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துத் தோள்பட்டை போயிற்று. அம்மா மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தாள். ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மாதிரித் தேர்வுத் தாள்களை மிஸ் திருப்பித் தந்தார். வகுப்பில் பாதிப் பேர் டோலிவரை எழுதியிருக்கிறார்கள். மாட்டினோம் என்று நினைத்தேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்பதான் வாசிக்கிற பிள்ளைங்க மாதிரி எழுதியிருக்கீங்க. டோலிவர் ரொம்ப ஆழமான ஆளு. நான் எம்.ஃபில் பண்ணும்போதே அவரக் கரைச்சுக் குடிச்சிருக்கேன்" என்றார்.

ஜெபக்கனி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். பென்சில் விழுந்துவிட்டதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ வரவில்லை. மிஸ் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, அடியில் கோடு போட்டு, "இது உண்மை" என்றார். நான் சும்மா இட்டுக்கட்டிய வரி. அது எப்படி உண்மையாகும்? யாருக்கு உண்மை?

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போனோம். காட்டுக்குள் பொங்கல், புகை, கூட்டம். வரலாற்றிலேயே முதன்முறையாக அப்பா கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்.

பொங்கல் இறக்கியதும் அப்பா பூசாரியிடம் போய்ப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துச் சாமி காலடியில் போடுவார்கள். ஏதாவது ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். பக்கத்துப் பந்தலில் பொங்கல் தின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் கையை நக்கிவிட்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

"சாஸ்தா உத்தரவு குடுத்துட்டாரு" என்று அப்பா கண் கலங்கினார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜோசியரைக் கேட்டாகிவிட்டது. தாய்மாமாவைக் கேட்டாகிவிட்டது. இன்று சாமியைக் கேட்டார்கள். பொங்கல் தின்ற பாப்பாவிடம்கூட, "எதும்மா எடுக்க?" என்று கேட்டார்கள்.

நிச்சயம் ஏப்ரல் 30, வளர்பிறை. கல்யாணம் வைகாசியில். பரீட்சை அதற்குள் முடிந்துவிடுவதால் வசதி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் அங்கம் இன்னும் ஒருமுறை படிக்க வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலேஜ் விட்டு வந்தால் கூடத்தில் புதுப் பித்தளைக் குடம். அப்பா கடைப் பாத்திரங்களுக்கு அவரே உளி வைத்துப் பெயர் வெட்டுவார். இந்தக் குடத்தின் கழுத்திலும் வெட்டியிருந்தார், எப்போதும் இல்லாத அழகோடு, எழுத்துக்கு எழுத்து பூப் போட்டு: மகாராஜன் – இசக்கியம்மாள்.

நீலச் சட்டைக்காரரின் பெயர் எனக்கு இப்படித்தான் தெரிந்தது. கிளெக்கின் கப்பல்களின் பெயரெல்லாம் மனப்பாடம். இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"எப்பிடி இருக்கு?" என்றார் அப்பா.

"நல்லாருக்குப்பா."

குடத்தைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 17, வியாழன்

திட்டம், மறுபடியும்.

கருத்து ஒன்று: மேபலை யாரும் கேட்கவில்லை.
கருத்து இரண்டு: கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.
கருத்து மூன்று: என்ன சொல்லியிருப்பாள்?
எதிர்க்கருத்து: கேப்டன் ஹாரோ கெட்டவர் இல்லை. முதல் அங்கத்தில் மேபலுக்காகப் பனியில் நடந்து மருந்து வாங்கி வருகிறார். கெட்டவராக இருந்தால் கட்டுரை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.
முடிவுரை:

முடிவுரை வரவில்லை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவுக்கு நாடகத்தின் கதை முழுவதும் சொன்னேன். நாடகம் என்று மட்டும்தான் சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"அவள யாரும் கேக்கலம்மா."

"கேக்கலன்னா? பசிச்சா யாராவது கேட்டபெறகா சோறு திங்கோம்? அவ அய்யா நல்ல மனுசன்னு நீதானே சொன்ன. சொல்லித் தொலைச்சிருந்தா என்ன, வெட்டியா போட்டிருப்பாரு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இலக்கியம் தெரியாதவர்களிடம் கதை சொல்லக் கூடாது. "ஒனக்குப் புரியாதும்மா" என்று எழுந்து வந்துவிட்டேன். வெங்காயம் பாதி அப்படியே கிடந்தது.

அம்மா பின்னாலேயே வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தோன்றியது. "மிச்சத்த யாரு உரிப்பா?" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பட்டுச் சேலை எடுத்தார்கள். பச்சையா அரக்கா என்று கேட்டார்கள். அதை மட்டும் கேட்டார்கள். அரக்கு.

ஏப்ரல் 23, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் கல்லூரிக்குக் கேள்வித்தாள் கல்லூரியிலேயே தயாராகும், நாடகத் தாளுக்குக் கேள்வி எடுப்பதும் திருத்துவதும் பியூலா மிஸ்தான். கட்டாயக் கேள்வி ஒன்று உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. தாளைத் திருப்பினேன். 'மேபல் சம்மதிக்கவில்லை. தன்னிடம் யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறாள்' என்கிறார் டோலிவர். இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? தக்க காரணங்களுடன் விவாதிக்க.

நாலு பெஞ்சு தள்ளி ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். அவள் பதறி இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏற்கிறேன் என்று எழுதுவதுதான் புத்திசாலித்தனம். வகுப்பே அதைத்தான் எழுதும். மிஸ்ஸுக்கும் அதுதான் பிடிக்கும். தாளின் ஓரத்தில் திட்டம் போட்டேன். கருத்து ஒன்று, கருத்து இரண்டு. கை ஓடவில்லை. எனக்கு அம்மா மேல் மறுபடியும் கோபம் வந்தது. கொழுக்கட்டையாம்.

பிறகு அந்த ஓரத்துத் திட்டத்தைக் குறுக்கே அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். டோலிவர் சொல்வது பாதிதான் சரி. மேபலை யாரும் கேட்கவில்லை, உண்மை. ஆனால் காத்திருக்கிறாள் என்று சொல்லி டோலிவர் அவளைக் காப்பாற்றுகிறார். கேட்டால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்திருப்பது ஒரு வகையில் வசதி, நாளைக்குக் கெட்டுப்போனால் பழி அப்பா மேல் போகும். 'உங்கள் விருப்பம், அப்பா' என்பதைக் கேட்டுக் கேட்டு அந்தக் கிழவருக்கு மகளுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாமல் போய்விட்டது. மருந்துக்காகப் பனியில் நடந்தவர், ஒரு வார்த்தைக்காக இரண்டு அடி நடக்க மாட்டாரா? அவரை நம்பி மேபல் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சால்வையை விட்டுவிட்டுப் போனாள். சால்வை பேசுமா? ஆகவே நான் டோலிவரை ஏற்கவில்லை.

மணி அடிக்கும்வரை எழுதினேன். எத்தனை இலக்கணப் பிழை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வெளியே வந்ததும் ஜெபக்கனி பிடித்துக்கொண்டாள்.

"என்ன மக்கா எழுதின?"

"டோலிவர் தப்புன்னு எழுதிட்டேன்."

"நீதானட்டி டோலிவர்!"

பஸ்ஸில் வரும்போது கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

சொல்லவில்லை. இரண்டு முறை வாயெடுத்தேன். முதல் முறை அப்பா போனில் இருந்தார். இரண்டாவது முறை அப்பா சும்மாதான் இருந்தார்.

ஏப்ரல் 25, வெள்ளி

கடைக்குப் பின்னால் அப்பா பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

தேய்க்கும் சத்தம் நின்றது. அண்டாவுக்குள்ளிருந்தே, "என்னது?" என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல இருந்தது. மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டம்.

அப்பா வெளியே வந்தார். முகமெல்லாம் கரி.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலையேப்பா."

"நீ சொல்லலியேட்டி."

குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் மூடவில்லை.

"அந்தப் பையனப் பத்தி எதுவும் கேள்விப்பட்டியா? குடி, கிடி..."

"இல்லப்பா. அவிய நல்லவியளாத்தான் இருப்பாவ."

"பெறவு என்னட்டி? சாமிட்ட உத்தரவு கேட்டாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. அஞ்சு நாளுல நிச்சயம். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயிச் சொல்லுவேன்?"

அப்போது அம்மா கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. குழாயை மூடினாள்.

"சாமியா போயி சங்கரங்கோயில்ல குடும்பம் நடத்தப் போவுது? அவளக் கேளுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் கூடுதலாகத்தான் அப்பியது. கவிழ்த்துப் போட்டிருந்த தேக்சாப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"சரி. இப்பக் கேக்கேன். ஒனக்கு என்ன வேணும்?"

இத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. அதற்குத் திட்டமே போட்டு வைக்கவில்லை. மேலே படிக்கணுமா, வேலைக்குப் போகணுமா, பிறகு ஒருநாள் கல்யாணம்தான் பண்ணிக்கொள்ளணுமா, எதுவும் தெரியவில்லை.

"தெரியலப்பா. இது வேண்டாம்ங்கது மட்டுந்தான் தெரியும்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. சாயங்காலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தாய்மாமாவைக் கூடக் கூப்பிடாமல், தனியாகச் சங்கரன்கோவில் பஸ் ஏறினார்.

ஏப்ரல் 26, சனி

அப்பா திரும்பி வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த அந்தப் பெரியவர் இந்த முறை சிரித்திருக்க மாட்டார். சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

மே 4, ஞாயிறு

அப்பா பேசவில்லை.

மே 11, ஞாயிறு

அப்பா பேசவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. எனக்குக் காலேஜே கிடையாது, லீவு.

மே 28, புதன்

ரிசல்ட் வந்துவிட்டது. தேறிவிட்டேன், மயிரிழையில். சான்றிதழ் விஷயமாகப் போனபோது பியூலா மிஸ் வராந்தாவில் நிறுத்தினார்.

"இசக்கி, நல்லா யோசிச்சிருக்க. ஆனா டோலிவர் எவ்வளவு பெரிய ஆளு, எடுத்தவுடனே தப்புன்னா எப்படி? அதான் மார்க்கக் கொறச்சேன்."

"தப்புதான் மிஸ்" என்றேன். அதை மிஸ் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

பஸ் நிறுத்தத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கல்லைப் பார்த்தேன். ஒரு ஆடு அதன் மேல் படுத்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் கடை வாசலில் டக் டக் என்று சத்தம். அப்பா அந்தப் பித்தளைக் குடத்தை மடியில் வைத்து, மகாராஜன் என்று வெட்டியிருந்த இடத்தைத் தட்டித் தட்டிச் சமமாக்கிக்கொண்டிருந்தார். பூப் போட்ட எழுத்து, லேசில் போகவில்லை. என் பெயர் மட்டும் கழுத்தோரத்தில் தனியாக இருந்தது. ரிசல்ட்டைச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. குடத்தைத் திருப்பி, என் பெயருக்குப் பக்கத்தில் விரலால் தடவி இடம் பார்த்தார்.

பிறகு உளியை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பி.ஏ.ன்னு வெட்டட்டுமாட்டி?"

ஒரு மாதத்துக்கு அப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அதுவும் கேள்வி.

"வெட்டுங்கப்பா" என்றேன்.